வழி காட்டும் கருவி வாங்கும் முன்



மூன்று பேரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆள் மூணாற்றில் ஜீப் ஓட்டுகிறார். சூரியநெல்லி, பூப்பாறை, தேவிகுளம் எல்லாம் அவருக்கு உள்ளங்கை போல. ஆனாலும் வெளியூர்ப் பயணிகள் அவரிடம், "அண்ணே, வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது ஆள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார். அவருக்கு இரண்டு வேன்கள் உண்டு. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் சரக்கு ஏற்றி அனுப்புகிறார். வேன் இப்போது எங்கே நிற்கிறது என்று வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.

மூன்றாவது ஆள் மறையூர்ப் பக்கம் இருக்கிறார். வனத்துறை அனுமதியோடு பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டி அவர். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்த நேரத்துக்கு ஒரு கருவி வேண்டும் என்று நினைக்கிறார்.

மூவரும் ஒரே கடைக்குப் போகிறார்கள். மூவரும் "ஜி.பி.எஸ். வேண்டும்" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் மூவருக்கும் ஒரே பெட்டியை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவருக்கு அது பயன்படலாம். மற்ற இருவரின் பணமும் வீண்தான்.

ஏன் அப்படி? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மூன்று வேலைகள்

ஜி.பி.எஸ். என்ற பெயரில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, இடம் அறிவது. அதாவது, "நான் எங்கே நிற்கிறேன்?"

இரண்டு, வழி அறிவது. "நான் போக வேண்டிய இடத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும்?"

மூன்று, செய்தி சொல்வது. "நான் இங்கே நிற்கிறேன் என்று மற்றவருக்கு எப்படித் தெரிவிப்பது?"

மூன்றும் வேறு வேறு வேலைகள். மூன்றுக்கும் வேண்டியவை வேறு. இந்த வேறுபாடு தெரிந்தவர் கடையில் ஏமாற மாட்டார்.

இடம் அறிவது எப்படி?

மின்னல் வெட்டுகிறது. சில நொடி கழித்து இடி கேட்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள நேரத்தை எண்ணினால் இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். இது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

ஜி.பி.எஸ். கருவியும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான கடிகாரம் உண்டு. அவை இடைவிடாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கையிலுள்ள கருவி பார்க்கிறது. அதிலிருந்து தூரம் தெரிகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் போதும். நிற்கும் இடமும் உயரமும் தெரிந்துவிடும்.

இந்த அமைப்பை உருவாக்கியது அமெரிக்கா. 1995-ஆம் ஆண்டு அது முழுமையாக இயங்கத் தொடங்கியது. அப்போது பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியம் குறைத்துத்தான் கொடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்தத் தடையை நீக்கினார்கள். இன்று ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இதே போன்ற அமைப்புகள் உள்ளன. இந்தியாவும் 2013 முதல் இதற்கான செயற்கைக்கோள்களை ஏவியது. இந்திய அமைப்பின் பெயர் நாவிக். இன்றைய கருவிகளில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டுச் செயற்கைக்கோள்களைக் கேட்கும். மலையும் மரமும் வானத்தை மறைக்கும் இடத்தில் இது மிகவும் உதவும்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இடம் அறியக் கைபேசி டவர் வேண்டாம். ரேஞ்சும் வேண்டாம். மாதக் கட்டணமும் இல்லை. வானம் தெரிந்தால் போதும். திறந்த வெளியில் சாதாரணக் கைபேசியே சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அடர்ந்த சோலைக்காட்டிலும் ஆழமான பள்ளத்தாக்கிலும் இந்தத் துல்லியம் குறையும்.

"ரேஞ்ச் போனால் ஜி.பி.எஸ். செத்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அப்போது சாவது வேறொன்று. அதை அடுத்துப் பார்ப்போம்.

வழி அறிவது எப்படி?

செயற்கைக்கோளுக்குச் சாலை தெரியாது. பூப்பாறையும் தெரியாது, போடிமெட்டும் தெரியாது. சாலையைக் காட்டுவது வரைபடம். கைபேசியில் பலர் பார்க்கும் வரைபடம் டவர் வழியாக அவ்வப்போது வந்து இறங்குகிறது. ரேஞ்ச் போனதும் வரைபடம் வருவது நின்றுவிடும். நீலப் புள்ளி மட்டும் வெற்றுத் திரையில் நிற்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ரேஞ்ச் உள்ள இடத்திலேயே அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ரேஞ்ச் போனாலும் வரைபடம் இருக்கும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

ஆனால் வரைபடத்தை அப்படியே நம்பக் கூடாது. அதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம், மூடிக் கிடக்கும் பாதை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு பழைய சாலை இருந்தது. படத்தில் பார்த்தால் அது குறுக்கு வழி. ஆனால் அது காட்டுக்குள் போகிறது. பொதுமக்கள் வண்டியில் அந்த வழியே போக முடியாது. கொடைக்கானல் போக வேண்டியவர் போடிமெட்டு இறங்கி, தேனி, பெரியகுளம் வழியாகத்தான் சுற்ற வேண்டும்.

இரண்டாவது காரணம், நேர்கோட்டுத் தூரம். பாலக்காட்டிலிருந்து பறம்பிக்குளம் நேர்கோட்டில் 45 கிலோமீட்டர் அளவுதான். கையில் பிடிக்கும் சில கருவிகள் இந்தத் தூரத்தைத்தான் காட்டும். ஆனால் நடுவே மலை. பறம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும், சாலை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நடுவே வனத்துறைச் சோதனைச் சாவடியும் உண்டு. 45 கிலோமீட்டர் என்று நம்பி டீசல் போட்டவர் காட்டில் நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது காரணம், இன்றைய நிலை. தேவிகுளத்தை அடுத்த கேப் ரோடு 2019-லும் 2020-லும் மண்சரிவால் அடைபட்டது. நேற்று திறந்திருந்த சாலை இன்று இருக்காது. 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குருப்பந்தறை அருகே ஒரு சம்பவம் நடந்தது. ஐதராபாத்திலிருந்து வந்த பயணிகள் வரைபடம் காட்டிய வழியே காரை ஓட்டினார்கள். பலத்த மழை. சாலையில் தண்ணீர். எது சாலை, எது ஓடை என்று தெரியவில்லை. கார் ஓடைக்குள் இறங்கிவிட்டது. நல்ல வேளையாக அனைவரும் உயிர் தப்பினார்கள்.

திரையில் கோடு நேராக இருந்தது. கண்ணெதிரே தண்ணீர் இருந்தது. இரண்டும் முரண்பட்டால் எதை நம்ப வேண்டும்? கண்ணை நம்ப வேண்டும். வண்டியை நிறுத்த வேண்டும். இறங்கி ஆளைக் கேட்க வேண்டும்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர். ஆந்திரத்தில் ஒரு சித்தூர். பெயரைத் தட்டியதும் கிளம்பிவிடக் கூடாது. எந்த மாவட்டம், எத்தனை கிலோமீட்டர் என்று படித்துப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

செய்தி சொல்வது எப்படி?

இதுதான் மூன்றிலும் கடினமான வேலை. உயிரோடு தொடர்புடைய வேலையும் இதுதான்.

மூணாறு அருகே உள்ள பெட்டிமுடியை யாரும் மறக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு. தோட்டத் தொழிலாளர் லயங்கள் மேல் மலை சரிந்தது. மின்சாரம் இல்லை. கைபேசித் தொடர்பும் இல்லை. வெளியே இருந்தவர்களுக்கு மறுநாள் காலையில்தான் செய்தி தெரிந்தது. 70 உயிர்கள் போயின.

பெட்டிமுடி எங்கே இருக்கிறது என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இடம் தெரிந்திருந்தது. சொல்லத்தான் வழி இல்லை. இடம் அறிவது வேறு, செய்தி சொல்வது வேறு என்பதன் பொருள் இதுதான்.

சாதாரண ஜி.பி.எஸ். கருவி கேட்க மட்டும் செய்யும். அதற்குக் காது உண்டு, வாய் இல்லை. செய்தி சொல்லக் கைபேசி வேண்டும். கைபேசிக்கு டவர் வேண்டும்.

"செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் கருவி வெளிநாட்டில் கிடைக்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கிறது. ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது. வளைகுடாவிலிருந்து வரும் மாமனோ மச்சானோ அன்பாக வாங்கி வந்தாலும் சட்டம் அதேதான். அத்தகைய கருவியுடன் வந்த வெளிநாட்டுப் பயணிகளே நம் நாட்டு விமான நிலையங்களில் சிக்கியிருக்கிறார்கள். கேட்க மட்டும் செய்யும் ஜி.பி.எஸ். கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது, "இது செய்தி அனுப்புமா, கேட்க மட்டும் செய்யுமா?" என்று கேட்டுத் தெளிவது நல்லது.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால்

2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே ஓர் இளைஞர் செறாடு மலையில் ஏறினார். இறங்கும்போது வழுக்கி, செங்குத்தான பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டார். கையில் கைபேசி இருந்தது. சிக்கிய இடத்தைப் படம் எடுத்து அனுப்பினார். எங்கே இருக்கிறார் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பாறையை அடைவது எளிதாக இல்லை. ஏறத்தாழ இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 9 அன்று, இராணுவ வீரர்கள் அவரை உயிரோடு மீட்டார்கள்.

இப்படி ஓர் ஆபத்தில், படம் அனுப்பும் அளவுக்கு ரேஞ்ச் இல்லாமல் போகலாம். பேச மட்டும் முடியலாம். அப்போது என்ன சொல்வது? "ஒரு பெரிய பாறை, பக்கத்தில் ஒரு மரம்" என்றால் யாருக்கும் புரியாது. அப்போது கைகொடுப்பவை இரண்டு எண்கள். ஒன்று வடக்கு எண். மற்றது கிழக்கு எண். கருவித் திரையிலும் கைபேசியிலும் அவற்றைப் பார்க்கலாம்.

மூணாறு நகரின் எண்கள் ஏறத்தாழ 10.09 வடக்கு, 77.06 கிழக்கு. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களின் மதிப்பைப் பாருங்கள்:

முதல் இலக்கம் ஒன்று மாறினால் சுமார் 11 கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

இரண்டாம் இலக்கம் மாறினால் சுமார் 1 கிலோமீட்டர்.

மூன்றாம் இலக்கம் மாறினால் சுமார் 110 மீட்டர்.

நான்காம் இலக்கம் மாறினால் சுமார் 11 மீட்டர்.

ஆகவே நான்கு இலக்கமும் சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்லக் கூடாது. 77.06 என்பதை 77.60 என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? இடம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். மூணாற்று மலையில் கிடப்பவரைத் தேடி, கீழே பெரியகுளம் பக்கம் ஆள் போவார்கள்.

எழுத்தும் எண்ணும் கற்றதன் பயன் இது. ஆபத்தில் 112 என்ற எண்ணை அழுத்தி, இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் படித்துச் சொல்ல வேண்டும். கேட்பவரைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

இப்போது கடைக்குப் போவோம். என்னென்ன கருவிகள் இருக்கும்?

கைபேசி: பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சாலையில் ஓட்டுபவருக்கு இதுவே போதும். வரைபடத்தை இறக்கி வைக்க வேண்டும். வண்டியிலேயே சார்ஜ் ஏற்ற வசதி வேண்டும். உறுதியான தாங்கி ஒன்று வேண்டும். பாலக்காட்டு வெயிலில் கண்ணாடியை ஒட்டி வைத்தால் கைபேசி சூடேறி நின்றுவிடும். காற்று படும் இடத்தில், சாலையை மறைக்காமல் வைக்க வேண்டும். வண்டி ஓட்டும்போது கைபேசியை வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாமல் என்று 2020-இல் வந்த விதித் திருத்தம் சொல்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டுவது வண்டி நிற்கும்போதுதான். ஓடும்போது தமிழிலோ மலையாளத்திலோ குரலைக் கேட்டால் போதும்.

வண்டியில் பொருத்தும் வழிகாட்டி: திரை பெரியது. வரைபடம் உள்ளேயே இருக்கும். வரைபடத்தைப் புதுப்பிக்க முடியுமா, அதற்குப் பணம் உண்டா, தமிழ்க் குரல் வருமா என்று கேட்க வேண்டும்.

வண்டியைக் கண்காணிக்கும் கருவி: இது ஓட்டுநருக்கு வழி காட்டாது. வண்டி இருக்கும் இடத்தை முதலாளிக்குச் சொல்லும். உள்ளே ஒரு சிம் இருக்கும். ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருக்கும். ரேஞ்ச் இல்லாத இடத்தில் செய்தி போகாது. ரேஞ்ச் வந்ததும் சேர்த்து வைத்ததை அனுப்பும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பேருந்து, டாக்சி போன்ற பயணிகள் வாகனங்களுக்கு ஒரு தனி விதி உண்டு. 2019 ஜனவரி 1 முதல் பதிவான புதிய வண்டிகளில் அங்கீகாரம் பெற்ற கண்காணிப்புக் கருவியும் அவசர பொத்தானும் வேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றைப் பொருத்தினால் தகுதிச் சான்றின்போது சிக்கல் வரும். முதலில் வண்டிப் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது.

கையில் பிடிக்கும் கருவி: காட்டுக்கும் மலைக்கும் இதுதான். திரை சிறியது, ஆனால் உழைப்பு பெரியது. இடுக்கி மழையில் ஈரக் கையால் தொட்டால் தொடுதிரை சொன்னபடி கேட்காது. அதனால் பொத்தான் உள்ளது நல்லது. கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் ஓடுவது இன்னும் நல்லது. தீர்ந்தால் அங்கேயே மாற்றிவிடலாம். "ஐ.பி.எக்ஸ். 7" என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். இன்னொன்றும் முக்கியம். நடந்து வந்த தடத்தைப் பதிவு செய்து, அதே தடத்தில் திரும்பக் கூட்டி வரும் வசதி வேண்டும். மூடுபனியில் உயிர் காப்பது அதுதான்.

வாங்கும் முன் ஒரு சோதனை

பணம் கொடுக்கும் முன் கருவியைக் கடைக்கு வெளியே கொண்டு வர வேண்டும். வானம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கைபேசியாக இருந்தால் சிம் தொடர்பை நிறுத்திவிட வேண்டும். ரேஞ்ச் இல்லாதபோது முதல் முறை இடம் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

இடம் வந்ததா? வரைபடம் தெரிகிறதா? நூறு அடி நடந்தால் புள்ளியும் நகர்கிறதா? வெயிலில் திரையைப் படிக்க முடிகிறதா? இரண்டு எண்களும் எங்கே இருக்கின்றன? கெட்டுப்போனால் எங்கே கொடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மூவரும் என்ன வாங்கலாம்?

இப்போது முதலில் பார்த்த மூவரிடம் திரும்புவோம்.

மூணாற்று ஜீப்காரருக்கு வழி தெரியும். அவருக்குப் புதிய கருவி தேவையில்லை. கைபேசியில் இடுக்கி, தேனி வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். ஒரு தாங்கியும் சார்ஜரும் வாங்கினால் வேலை முடிந்தது. வண்டிக்குக் கண்காணிப்புக் கருவி கட்டாயமா என்பதைப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

கொழிஞ்சாம்பாறை வேன்காரருக்கு வேண்டியது கண்காணிக்கும் கருவி. ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து வாங்கட்டும். கருவி பொருத்தியிருப்பதை ஓட்டுநரிடமும் சொல்லட்டும். மறைத்து வைத்தால் நம்பிக்கை கெடும்.

மறையூர் வழிகாட்டிக்கு வேண்டியது கையில் பிடிக்கும் கருவி. கூடவே மாற்று பேட்டரி.

ஆனால் அவருக்குக் கருவி சொல்லாத செய்தியும் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினர் அதில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் எங்கே, தீ எங்கே, யானை எங்கே என்று எந்த ஜி.பி.எஸ். கருவியும் சொல்லாது. அதைச் சொல்வது வனக்காவலரும், காட்டோரம் வாழும் மக்களும்தான். காட்டுக்குள் நுழையும் முன் வனத்துறை அனுமதி கேட்பது சட்டத்துக்காக மட்டுமல்ல. இந்தச் செய்திகள் அங்கேதான் கிடைக்கும்.

கடைசியாக, பணம் கொடுக்காமல் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்று உண்டு. ஒரு துண்டுச் சீட்டு. எங்கே போகிறோம், எந்த வழியில், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அதில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் வீட்டில் உள்ளவர் 112-ஐ அழைப்பார். ரேஞ்ச் இல்லாத இடத்திலும் அந்தச் சீட்டு பேசும்.

கருவி வாங்குவோர் வாங்கட்டும். சீட்டு எழுதுவதை எல்லோரும் இன்றே தொடங்கலாம்.



பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் ரேஞ்ச் இல்லாத இடங்கள் எவை? அங்கே ஆபத்து வந்தால் செய்தி எப்படி வெளியே போகும்?

2. உங்கள் வீடு இருக்கும் இடத்தின் இரண்டு எண்களையும் கைபேசியில் பாருங்கள். நான்கு இலக்கத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

3. வரைபடத்தில் இருந்தும் வண்டி போக முடியாத பாதை உங்கள் பகுதியில் உண்டா? புதிதாக வருபவருக்கு அதை யார் சொல்வது?